நன்றியும் வாய்மையும்

மனிதர் செய்யும் நற்செயலுக்கு மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது? அச்செயலால் விளைந்த பயனிலிருந்தா? அதைக் கண்டு உலகம் வழங்கும் புகழிலிருந்தா? அல்லது செய்தவரின் நெஞ்சில் அவ்வெண்ணம் முளைத்த அந்தக் கணத்திலிருந்தா? அறநூல்கள் காலங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இது. இதனோடு பிரிக்கவியலாத இன்னொரு வினாவும் உண்டு. ஒரு நற்செயலின் பயனை நுகர்ந்தவர்கள் அதைச் செய்தவருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்கள்? பொருளையா? புகழ்மொழியையா? அவற்றிற்கும் மேலான வேறொன்றையா?

இவ்வினாக்களுக்கு வெறும் தத்துவ வாதத்தால் விடை தேடுவதைவிட, ஒரு மனித வாழ்வை முன்வைத்துத் தேடுவது தெளிவு தரும். கனடா நாட்டில் பெயர் பெற்றிருந்தும் தமிழ் வாசகர் பெரிதும் அறியாத லாரா சீக்கோர்டு என்னும் பெண்மணியின் வாழ்வு அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அவர் தம் 37ஆம் வயதில், ஒரு நாள் முழுதும் நடந்து சென்று, ஒரு சிறு படைக்கு எச்சரிக்கை கொடுத்தார். அந்த ஒரு நாளுக்கான பாராட்டு அவரை வந்தடைய 47 ஆண்டுகள் ஆயின. மறைவுக்குப் பின் கிடைத்த புகழோ, உண்மையான லாராவையே மறைத்துவிடும் அளவுக்குப் பெருகிற்று. முதலில் மறதி, பிறகு புனைவு. இவ்விரண்டுக்கும் இடையே வாய்மை எங்கே நின்றது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

எல்லையோரத்தில் ஒரு குடும்பம்

லாரா 1775ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள், இன்று அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிரேட் பேரிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் இங்கர்சால், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிரணியில் நின்றவர். எட்டு வயதில் லாரா தாயை இழந்தார். 1795ஆம் ஆண்டு அக்குடும்பம் நிலம் நாடி, அந்நாளில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் ‘மேல் கனடா’ என வழங்கிய பகுதியில் குடியேறிற்று. அங்கே ஜேம்ஸ் சீக்கோர்டு என்பவரை லாரா மணந்தார். நயாகரா ஆற்றங்கரையில் அமைந்த குவீன்ஸ்டன் என்னும் சிற்றூரில் இருவரும் இல்லறம் நடத்தினர். ஆற்றின் இக்கரை பிரிட்டிஷ் கனடா, அக்கரை அமெரிக்கா.

1812ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன்மீது போர் அறிவித்தது. எல்லையோரத்து ஊர்கள் போர்க்களங்களாயின. அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள் குவீன்ஸ்டன் மேட்டில் கடும் போர் நிகழ்ந்தது. பிரிட்டிஷ் தளபதி ஐசக் புரோக் அதில் வீழ்ந்தார். ஊர்ப்படையில் பணியாற்றிய ஜேம்ஸ் தோளிலும் முழங்காலிலும் படுகாயமுற்றார். லாராவே களத்திற்குச் சென்று கணவரைத் தேடி மீட்டு வந்தார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறி வந்த செய்தி. திங்கள்கள் பல கழிந்தும் ஜேம்ஸ் நெடுந்தொலைவு நடக்கும் நிலையை அடையவில்லை.

1813ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள், ஆறு ஏரியில் கலக்குமிடத்தில் இருந்த ஜார்ஜ் கோட்டை அமெரிக்கர் வசமாயிற்று. பிரிட்டிஷ் படை மேற்கே பின்வாங்கிற்று. குவீன்ஸ்டன் ஊரார் பகைப்படையின் பிடிக்குள் வாழ நேர்ந்தது. ஆயினும் ஜேம்ஸ் பிட்ஸ்கிப்பன் என்னும் துணைத்தளபதி, ஏறத்தாழ 50 வீரரோடு டிகியூ என்பாரின் கல்வீட்டைத் தளமாகக் கொண்டு, அமெரிக்கப் படையின் புறக்காவலை அவ்வப்போது தாக்கி அலைக்கழித்து வந்தார். அந்தத் தொல்லையை ஒழித்துவிட அமெரிக்கத் தளபதிகள் முடிவு செய்தனர். அந்த முடிவு சீக்கோர்டு குடும்பத்தாரின் செவிக்கு எட்டியது. வீட்டில் உணவு உண்ட அதிகாரிகள் பேசியதை லாராவே கேட்டாரா, கணவர் கேட்டு அவரிடம் உரைத்தாரா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. செய்தி கிடைத்தது என்பதும், அதைக் கொண்டு செல்லக் கணவரால் இயலவில்லை என்பதும் தெளிவு.

ஒரு நாள் நடை

1813ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள் விடியற்காலை லாரா வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு ஐந்து குழந்தைகள். மூத்தவளுக்கே பதினான்கு வயது. கடைக்குட்டியோ மூன்று வயதுச் சிறுமி. நடக்கவியலாத கணவரையும் இக்குழந்தைகளையும் பகைவர் சூழ்ந்த ஊரில் விட்டுவிட்டுத்தான் அவர் சென்றார்.

நேர்வழியில் சென்றால் தொலைவு குறைவு. ஆனால் அவ்வழியில் அமெரிக்கக் காவலர் நின்றனர். ஆதலின் செயின்ட் டேவிட்ஸ் என்னும் ஊருக்குச் சென்று, உறவினர் வீட்டில் சற்றே தங்கி, பின்னர்க் காட்டையும் சதுப்பையும் ஓடைகளையும் கடந்து சுற்றுவழியில் நடந்தார். உறவுப் பெண் எலிசபெத் சிறிது தொலைவு உடன் வந்து, களைப்பால் நின்றுவிட்டாள். எஞ்சிய வழியை லாரா தனித்தே கடந்தார். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். கடுங்கோடை வெயில். மெலிந்த உடல்வாகு கொண்ட பெண் அந்த வெப்பத்தில் இவ்வளவு தொலைவு நடந்து வந்ததைப் பிற்காலத்தில் பிட்ஸ்கிப்பனே வியந்து பதிந்திருக்கிறார்.

பொழுது சாய்ந்தபின், செங்குத்தான மேட்டில் ஏறியவர், நிலவொளியில் பழங்குடி வீரரின் பாசறை ஒன்றினுள் திடுமெனப் புகுந்துவிட்டார். அவர்கள் பிரிட்டிஷ் தரப்பின் நேசப்படையினர். ஆயினும் அவர்கள் மொழியை லாரா அறியார். அவர் வந்த நோக்கத்தை அவர்களும் அறியார். குறிப்பாலும் சைகையாலும் தம் கருத்தை உணர்த்த முயன்றார். தயக்கம் நீங்கிய தலைவர் ஒருவர் துணைவர, பிட்ஸ்கிப்பன் முன் சென்று நின்று செய்தியைச் சேர்ப்பித்தார்.

இச்செயலின் அறத்தை ஐயுறுவோரும் இருக்கலாம். தாம் பிறந்த நாட்டின் படைக்கு எதிராக அவர் செய்தி கொண்டு செல்லலாமா? வீட்டில் உணவு உண்டவரின் பேச்சைப் பகைவரிடம் கூறலாமா? விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றும் தமிழ் மரபில் வந்தவருக்கு இரண்டாவது வினா இன்னும் அழுத்தமாகவே எழும். ஆனால் விருந்தினர் என்பவர் அழைப்பின் பேரிலோ, அடைக்கலம் நாடியோ வருபவர். வாளோடும் துப்பாக்கியோடும் வந்து, கேளாமலே உணவை எடுத்துக்கொள்பவரை விருந்தினர் என்ற சொல் தாங்காது. பிறந்த நாட்டைப் பற்றிய வினாவுக்கும் விடை உண்டு. லாரா பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, மணந்து, மக்களைப் பெற்ற மண்ணின்மீதுதான் அப்படை ஏறி வந்தது. பிறந்த மண்ணின்மேல் அன்பு கொள்வது இயல்பு. வாழும் மண்ணைக் காப்பது கடமை. இவை இரண்டும் மோதும் வேளையில், தாக்க வந்தவர் யார், தாக்கப்பட்டவர் யார் என்று நோக்குவதே அறத்தின் வழி.

களத்தில் வென்றவர் யார்?

செய்தி கேட்ட பிட்ஸ்கிப்பன், அன்றிரவே பழங்குடி வீரரையும் தம் வீரரையும் வழிமறிக்க ஏற்ற இடத்தில் நிறுத்தினார். பகைப்படை அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. 24ஆம் நாள் காலையில்தான் கர்னல் போர்ஸ்ட்லர் ஏறத்தாழ 600 வீரரோடும் பீரங்கிகளோடும் வந்தார். பீவர் டாம்ஸ் என்னுமிடத்தில், மரங்கள் அடர்ந்த வழியில் அவரை எதிர்கொண்டவர் பழங்குடி வீரரே. டூஷார்ம் என்பார் தலைமையில் கானவாகே முதலிய ஊர்களிலிருந்து வந்தவரும், கேர் என்பார் தலைமையில் வந்த மொகாக் வீரருமாக ஏறத்தாழ 400 பேர் மரங்களின் மறைவில் நின்று மூன்று மணிநேரம் போரிட்டனர். அமெரிக்கப் படை நிலைகுலைந்தது. அந்நேரத்தில் வெள்ளைக்கொடியோடு வந்த பிட்ஸ்கிப்பன், தம் பின்னே பெரும்படை நிற்பதாகக் கூறிச் சரணடையச் செய்தார். 460க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

வெற்றியின் பெயர் பிட்ஸ்கிப்பனுக்குச் சென்றது. அவர் கேப்டனாக உயர்ந்தார். குருதி சிந்திய பழங்குடி வீரருக்கு உரிய பங்கு கிட்டவில்லை. போரிட்டவர் ஒருவர், கொள்ளைப்பொருள் பெற்றவர் மற்றொருவர், பெயர் பெற்றவரோ மூன்றாமவர் என்னும் கருத்துப்பட மொகாக் தலைவர் ஜான் நார்ட்டன் கசப்போடு குறிப்பிட்டதாகக் கூறுவர். ஆனால் பிட்ஸ்கிப்பனின் நேர்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1818ஆம் ஆண்டு கேருக்கு எழுதிய மடலில், அன்று துப்பாக்கி வெடித்தவர் பழங்குடியினரே என்றும், அஞ்சி நடுங்கிய பகைவருக்குத் தக்க தருணத்தில் பாதுகாப்பு அளிக்க முன்வந்தது மட்டுமே தம் பங்கு என்றும் அவர் ஒப்புக்கொண்டார். புகழ் பெற்றவரே அப்புகழின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்த அரிய நிகழ்வு இது.

மௌனத்தின் ஆண்டுகள்

போர் முடிந்தவுடன் பிட்ஸ்கிப்பன் அனுப்பிய அறிக்கையில் லாராவின் பெயர் இல்லை. அதற்கு ஒரு காரணத்தை ஊகிக்கலாம். குவீன்ஸ்டன் அப்போதும் அமெரிக்கர் கையில் இருந்தது. பெயர் வெளியானால் அவருடைய குடும்பம் பழிவாங்கலுக்கு இரையாகியிருக்கும். அன்று அந்த மௌனம் காப்பாக அமைந்தது எனலாம். ஆனால் போர் ஓய்ந்தபின் நீடித்த மௌனத்தை அவ்வாறு கூற இயலாது.

சீக்கோர்டு குடும்பம் போரால் வறுமையுற்றது. உடற்குறை நேர்ந்த கணவருக்குச் சிறு ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் வளர்ந்துவந்த குடும்பத்துக்கு அது போதவில்லை. 1820ஆம் ஆண்டு ஜேம்ஸ் அரசுக்கு விண்ணப்பித்தபோது, லாராவின் பணியை உறுதிப்படுத்திப் பிட்ஸ்கிப்பன் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். 1827ஆம் ஆண்டும், 1837ஆம் ஆண்டும் மேலும் இரு சான்றிதழ்கள் வழங்கினார். தளபதி புரோக்கின் நினைவுச்சின்னத்தைப் பேணும் பணியை லாராவுக்கு அளிக்கலாம் என ஆளுநர் ஒருவர் கருதினார். அடுத்து வந்தவர் அதை வேறொருவருக்கு அளித்தார். 1841ஆம் ஆண்டு ஜேம்ஸ் மறைந்தார். அவருடைய ஓய்வூதியமும் அவரோடு நின்றுபோயிற்று. அறுபத்தைந்து வயதில் கைம்பெண்ணான லாரா, சிப்பாவா என்னும் ஊரில் தம் வீட்டிலேயே சிறு பள்ளி நடத்திக் காலம் கழித்தார். அரசுக்கு எழுதிய விண்ணப்பங்கள் பயன் தரவில்லை.

1860ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இளவரசர் கனடாவுக்கு வருகை புரிந்தார். பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர் அவர். போரில் பணியாற்றிய முதியோர் அவருக்கு அளித்த வரவேற்பு மடலில் தம் பெயரும் இடம்பெற வேண்டும் என லாரா முனைந்தார். தம் பணியை விளக்கி ஒரு விண்ணப்பமும் அளித்தார். மறு ஆண்டு இளவரசரிடமிருந்து 100 பவுன் வந்தது. தம் வாழ்நாளில் அதிகாரத்திலிருந்த ஒருவரிடமிருந்து அவர் பெற்ற பரிசு அது ஒன்றே. 1868ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள், 93ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பரிசு கேட்டுப் பெற்றால் செயலின் தூய்மை குன்றாதா? கைம்மாறு கருதாத உதவியே உயர்ந்தது என்று அறம் கூறவில்லையா? ஆம், கூறுகிறது. ஆனால் கைம்மாறு கருதாமை என்பது செயல் நிகழும் வேளையில் உள்ள மனநிலை. ஜூன் 22ஆம் நாள் காலை, ஓடையில் கால் வைத்த பெண்ணின் நெஞ்சில் 100 பவுன் இல்லை. 1860ஆம் ஆண்டின் இளவரசரும் இல்லை. பின்னாளில் வறுமை அவரைக் கேட்க வைத்தது. கொடுக்க வேண்டியவர் கொடுக்காதபோது, கேட்டவரின் மேல் குற்றம் சுமத்துவது முறையன்று. அவர் கேட்கும்படி விட்டதே குறை.

திருவள்ளுவர் நன்றியறிதலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். உதவியின் உருவளவைக் கொண்டு அதை அளக்காமல், அது வந்து சேர்ந்த காலத்தையும், அதைப் பெற்றவரின் பண்பையும் கொண்டு அளக்க அவர் கற்பிக்கிறார். இந்த அளவுகோலை நயாகராக் கரைக்குக் கொண்டு சென்றால் வரும் தீர்ப்பு வியப்பானது. லாரா செய்த உதவி மாறவேயில்லை. 1813இலும் 1860இலும் அது ஒன்றே. மாறி மாறிச் சோதனைக்கு உள்ளானது, அதைப் பெற்றவர்களின் பண்புதான்.

புனைவின் ஆண்டுகள்

மறதி ஒரு வகையான அநீதி. அதற்கு நேர் எதிரே இன்னோர் அநீதி காத்திருந்தது. 1864ஆம் ஆண்டு, லாரா உயிரோடு இருக்கும்போதே, வில்லியம் காபின் என்பவர் அப்போரைப் பற்றி எழுதிய நூலில், காவலரை ஏமாற்ற லாரா ஒரு பசுமாட்டை ஓட்டிச் சென்றதாக எழுதினார். லாரா எந்தக் காலத்திலும் கூறாத பசு அது. ஆனால் மக்கள் மனத்தில் அந்தப் பசு நிலைத்துவிட்டது. நாடகம், கவிதை, பள்ளிப் பாடம் எனப் பலவற்றிலும் அது லாராவோடு நடந்தது. 1887ஆம் ஆண்டு சாரா ஆன் கர்சன் என்னும் பெண் எழுத்தாளர், நாட்டு வரலாற்றில் பெண்களுக்கும் பங்குண்டு என்பதை நிறுவ லாராவைப் பற்றி ஒரு கவிதை நாடகம் வெளியிட்டார். அவர் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அடுத்தடுத்து எழுதியோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வண்ணம் பூசினர். 1913ஆம் ஆண்டு டொராண்டோவில் தொடங்கப்பட்ட மிட்டாய்க் கடை ஒன்று அவருடைய பெயரைச் சூட்டிக்கொண்டது. வாழ்நாளெல்லாம் வறுமையோடு போராடியவரின் பெயர் இனிப்புப் பெட்டிகளின்மேல் ஏறியது.

இப்புனைவுகள் செய்த தீங்குகளில் பெரியது ஒன்று உண்டு. கதை வளர வளர, பழங்குடி வீரர், லாரா கடக்க வேண்டிய அச்சங்களுள் ஒன்றாகச் சித்திரிக்கப்பட்டனர். காட்டு விலங்கு, சதுப்பு, இருள் ஆகியவற்றின் வரிசையில் அவர்களும் வைக்கப்பட்டனர். உண்மையில் அவரை இறுதிவரை அழைத்துச் சென்றவர் அவர்களுள் ஒருவர். களத்தில் வென்றவரும் அவர்களே. ஒருவருக்குச் சூட்டிய பொய் மாலை, இன்னொருவருக்கு உரிய மாலையைப் பறித்துவிடுகிறது.

மிகைப்புகழ், ஐயத்தையும் அழைத்து வரும். 1932ஆம் ஆண்டு வாலஸ் என்னும் வரலாற்றாசிரியர் சான்றுகளை ஆராய்ந்து, போரின் முடிவில் லாராவின் செய்திக்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை என எழுதினார். பழங்குடி ஒற்றர்களே அமெரிக்கப் படையின் வருகையைக் கண்டறிந்தனர் என்பது அவர் வாதத்தின் அடிப்படை. பசுவைப் பொய் எனக் கண்டவர், அதை ஓட்டியதாகச் சொல்லப்பட்டவரின் நடையையும் ஐயுறத் தொடங்கினர். பல ஆண்டுகள் கழித்து, 1827ஆம் ஆண்டில் பிட்ஸ்கிப்பன் எழுதிய சான்றிதழ் கண்டெடுக்கப்பட்டு 1959ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. லாரா வந்த நாள், கொண்டு வந்த செய்தி, அதன்பேரில் தாம் படையை நிறுத்திய முறை ஆகியவற்றை அதில் அவர் தெளிவாகக் குறித்திருந்தார். நடையின் உண்மை நிலைநாட்டப்பட்டது. அலங்காரங்கள் அனைத்தும் காக்கத் தவறிய பெயரை, அலங்காரமற்ற ஒரு தாள் காத்தது.

இவ்வாறு காக்கும் தாள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. 1777ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் போரில், சிபில் லடிங்டன் என்னும் 16 வயதுப் பெண் இரவெல்லாம் குதிரையில் சென்று தந்தையின் படையினரைத் திரட்டினாள் என்று ஒரு வரலாறு உண்டு. அவளுக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆனால் அந்நிகழ்வு முதன்முதலில் நூலில் இடம்பெற்றது 1880ஆம் ஆண்டில்தான். அதற்கு முற்பட்ட சான்று கிட்டாமையால், ஆய்வாளர் அவ்வரலாற்றை ஐயுறுகின்றனர். அவள் உண்மையாகவே அன்றிரவு சென்றிருந்தால், உரிய காலத்தில் ஒரு வரி எழுதி வைக்காத தன் தலைமுறையால் அவள் இழந்தது எவ்வளவு பெரிது!

செயலின் எடை

இப்போது முதல் வினாவுக்குத் திரும்பலாம். வாலஸ் கூறியது முற்றிலும் சரி என்றே ஒரு வாதத்திற்காகக் கொள்வோம். லாரா வராவிட்டாலும் பழங்குடி ஒற்றர் பகைப்படையைக் கண்டிருப்பர். போரும் அவ்வாறே முடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 20 மைல் நடை வீணா?

பயனே செயலின் அளவு என்போர் ‘ஆம்’ என்றுதான் விடை கூற வேண்டியிருக்கும். ஆனால் அவ்விடையை மனிதர் நெஞ்சம் ஏற்பதில்லை. காரணம் எளிது. தீப்பற்றிய வீட்டை முதலில் கண்டவன், ‘வேறெவரேனும் கூவியிருப்பார்’ என்று எண்ணி வாளா இருந்தால், அவன் எண்ணியவாறே வேறொருவர் கூவினும் அவன் குற்றவாளியே. அவன் கூவியிருந்தால், அதே வேளையில் பத்துப் பேர் கூவியிருப்பினும் அவன் கடமை ஆற்றியவனே. கடமையின் எடை, செய்பவர் அந்தக் கணத்தில் அறிந்தவற்றைப் பொறுத்தது. லாரா அறிந்தது இவ்வளவே: ஆபத்து வருகிறது, அறிவிக்க வேண்டும், அறிவிக்கக்கூடியவர் தாம் ஒருவரே. வேறு ஒற்றர் இருப்பதை அவர் அறியார். தம் செய்தி நம்பப்படுமா என்பதையும் அவர் அறியார். அவர் நடந்தது அந்த அறியாமையின் ஊடேதான். பயன் பின்னால் வருவது. அது பலருடைய உழைப்பாலும் தற்செயலாலும் உருவாவது. துணிவோ முழுதும் செய்தவருக்கே உரியது.

புகழைப் பற்றியும் இதுவே முடிவு. 47 ஆண்டுகள் எவரும் பாராட்டாதிருந்தமையால் அந்நடையில் ஓரடியும் குறையவில்லை. பிறகு எழுந்த நினைவுத்தூண்களால் ஓரடியும் கூடவில்லை.

அப்படியாயின், நன்றி எதற்கு? செயலின் மதிப்பைப் புகழ் கூட்டவும் குறைக்கவும் இயலாதெனில், மறந்தால்தான் என்ன? இவ்வினாவில் ஒரு பிழை மறைந்துள்ளது. நன்றி என்பது செய்தவரின் மதிப்பை உயர்த்தும் கருவியன்று. பெற்றவர் தம்மைத் தாமே நேர்மையாக வைத்துக்கொள்ளும் வழி. பிறர் துணையால் வாழ்ந்துவிட்டு, தம் திறத்தால் வாழ்ந்ததாக எண்ணுவது பொய். ஒரு தனிமனிதர் இப்பொய்யில் வாழ்ந்தால் செருக்குறுகிறார். ஒரு நாடு இப்பொய்யில் வாழ்ந்தால் தன் வரலாற்றையே இழக்கிறது. ஆகவே நன்றியின் வேர் வாய்மையில் இருக்கிறது.

வேர் வாய்மையில் இருக்குமானால், பொய்யால் நன்றி செலுத்த இயலாது என்பதும் பெறப்படும். சிலர் கூறலாம்: ‘குழந்தைகளுக்குக் கதை சுவையாக இருக்க வேண்டாமா? ஒரு பசுவைச் சேர்ப்பதால் என்ன கேடு?’ கதைக்குச் சுவை வேண்டும் என்பதில் ஐயமில்லை. கற்பனைக் கதை என்று கூறியே கதை சொல்வதில் குற்றமும் இல்லை. வரலாறு என்ற பெயரில் சொல்லும்போதுதான் கேடு விளைகிறது. பசுவைச் சேர்ப்பவர், பசு இல்லாத நடை போதவில்லை என்று தம்மையறியாமலே கூறிவிடுகிறார். நெடுந்தொலைவு நடக்கவியலாத கணவர், மூன்று வயது மகள், கடுங்கோடை, சதுப்பு, மொழி தெரியாத பாசறை ஆகிய இவையனைத்தும் சுவைக்குப் போதவில்லையெனில், குறை வரலாற்றில் இல்லை. கேட்பவரின் மனத்தைப் பழக்காத நம்மிடமே உள்ளது.

பிட்ஸ்கிப்பனின் செயல் இவ்விடத்தில் ஒளிவிடுகிறது. அவர் லாராவைப் பற்றிக் காவியம் பாடவில்லை, சிலை எழுப்பவில்லை. நாள் குறித்து, செய்தி குறித்து, தம் கையொப்பத்தோடு மும்முறை உண்மையை எழுதிக் கொடுத்தார். தமக்குக் கிடைத்த புகழ் பழங்குடி வீரருக்கு உரியது என்பதையும் எழுத்தில் ஒப்புக்கொண்டார். காலம் தாழ்ந்த நன்றிதான், குறையுள்ள நன்றிதான். ஆயினும் பொன்னினும் நிலைத்து நின்றது அதுவே.

மாணவர் கையில் விடப்பட்ட கடன்

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் இத்தகைய கடன் ஒன்று இருக்கிறது. மன்னர் பெயரும் தளபதி பெயரும் பாடநூலில் தாமாகவே இடம்பெற்றுவிடும். அவர்களுக்குச் செய்தி கொண்டு சென்றவர், உணவு சுமந்தவர், காயத்திற்கு மருந்திட்டவர், வழிகாட்டியவர் ஆகியோரின் பெயர்கள் எவரேனும் முனைந்தால்தான் நிலைபெறும். ‘இப்போரில் யார் வென்றார்?’ என்று கேட்கும் ஆசிரியர், ‘அவர் வெல்ல யார் யார் உழைத்தனர்?’ என்ற இரண்டாம் வினாவையும் கேட்கலாம். ‘இதற்குச் சான்று என்ன?’ என்ற மூன்றாம் வினாவையும் கேட்கப் பழக்கலாம். இரண்டாம் வினா நன்றியைக் கற்பிக்கும். மூன்றாம் வினா வாய்மையைக் கற்பிக்கும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் கற்பித்தால் கல்வி ஊனமுறும். சான்று கேட்காத நன்றி, பசுவைப் படைக்கும். நன்றியில்லாத ஆராய்ச்சி, நடந்தவரையே மறுத்துவிடும்.

மாணவருக்கும் இதில் ஒரு பணி உண்டு. தம் குடும்பத்திலும் ஊரிலும் வாழும் முதியோர் செய்த பணிகளை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே, நாளும் இடமும் குறித்து உள்ளவாறே எழுதி வைக்கலாம். மிகைப்படுத்த வேண்டா, குறைக்கவும் வேண்டா. ஒரு தாளில் எழுதிய சில வரிகள், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண்ணின் பெயரைக் காக்கக் காத்திருந்தன என்பதை லாரா சீக்கோர்டின் வரலாறு காட்டிவிட்டது.

நற்செயல், செய்யப்பட்ட கணத்திலேயே நிறைவு பெற்றுவிடுகிறது. அதைச் செய்தவருக்கு உலகம் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் உலகம் தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டிய கடமை ஒன்று எஞ்சியிருக்கிறது: நடந்ததை நடந்தவாறு நினைவில் வைத்தல். அக்கடமையை மறதியாலும் ஆற்ற இயலாது. புனைவாலும் ஆற்ற இயலாது. வாய்மையோடு கூடிய நன்றியே அதை ஆற்றும்.